முந்நூறு குதிரைக்கு நல்ல நேரம்

முந்நூறு குதிரையையும் கொண்டுவந்து இந்த மனுசன் எங்கே கட்டப்போகிறார்? வீட்டு வாசலில் இரண்டு சைக்கிளை நிறுத்தினாலே மூன்றாவது ஆள் சுவரோடு ஒட்டித்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது. புல்லுக்கு எங்கே போவார்? சாணி அள்ளுவது யார்? அதுவும் நான்தானாக்கும்.

இவ்வளவையும் மனதுக்குள் ஓடவிட்டுக்கொண்டு, சரோஜினிதேவி முகத்தை மட்டும் மரியாதையாக வைத்திருந்தாள். இரண்டு ஆண்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்கிற பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு முகம் இருப்பது வசதிப்படாது.

“முந்நூறெண்டு சொல்லும், சரோ,” என்றான் அவள் கணவன் குலேந்திரன். “குறைச்சுச் சொல்லிப்போடாதையும்.”

அவள் டேனிஷில் முந்நூறு என்றாள். குன்னர் காரை நெடுநேரம் பார்த்தான். நோய்ப்பட்ட மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே, முன்பு பன்றிகள் வளர்த்த கொட்டிலில்தான் அவனுடைய மெக்கானிக் பட்டறை இருந்தது. பன்றிகள் போய்ப் பத்து வருசமாகியும், 1986ஆம் ஆண்டு பெப்ரவரிக் குளிரிலும், வாசனை மட்டும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

“புதிதாக இருந்தபோது இதற்கு இருநூறு இருந்தது,” என்றான் குன்னர். “இப்போது நூற்றைம்பதுதான் உயிரோடு இருக்கும்.”

“என்னவாம்?”

“ஐம்பது குதிரை செத்துப்போச்சாம்.”

“எப்ப?” என்று கேட்டான் குலேந்திரன், தந்தி வந்த வீட்டுக்காரன்போல.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு செய்த அமெரிக்கக் கார். எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு, முருங்கையிலைப் பச்சை. வயல் வைத்திருந்த ஒரு கமக்காரனின் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததைக் குலேந்திரன் கண்டுபிடித்து வாங்கியிருந்தான். மூக்கு அவ்வளவு நீளம். அது வீட்டு வாசலுக்கு வந்து சற்று நேரம் கழித்துத்தான் குலேந்திரன் வருவான். இந்த நாட்டுக்கு அகதியாக வந்து இரண்டரை வருசம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவனுக்கு இப்படி ஒரு மூக்குத் தேவைப்பட்டிருக்கலாம் என்று சரோஜினிதேவி அதைப் பொறுத்துக்கொண்டாள். அவளும் அதே தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவள்தான். ஆனால் அவளுக்கு மூக்கு வாங்கித்தர யாரும் இல்லை.

காரின் எஞ்சினுக்குக் குதிரைவலு போதவில்லை என்பது டிசம்பர் நத்தார் விடுமுறையில் தெரியவந்தது. ஹோர்சன்ஸில் தமிழ்ச் சனங்கள் கூடிய ஒரு விருந்து முடிந்து, எல்லோரும் குலேந்திரனின் அக்கா யோகம்மாவின் ரண்டர்ஸ் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு சிறு மேடு. அந்த மேட்டில் யோகம்மாவின் கணவர் இரத்தினசிங்கம் ஓட்டிய சின்னஞ்சிறு யப்பான் கார், சிலுப்பிக்கொண்டு, குலேந்திரனை முந்திப் போயிற்று. அதையாவது அவன் தாங்கியிருப்பான். யோகம்மா யன்னலைத் திறந்து கை காட்டினாள். அந்தக் கை தையிலும் மாசியிலும் அவனுடைய நித்திரையில் ஆடிக்கொண்டிருந்தது.

“அத்தானுக்கு ஒரு பாடம் படிப்பிக்கவேணும்,” என்றான். பாடத்தை நடத்த டேனிஷ் தெரிந்த ஆள் வேண்டும். அப்படித்தான் சரோஜினிதேவி சனிக்கிழமை தோறும் பன்றிக் கொட்டிலுக்கு வரத் தொடங்கினாள்.

குன்னர் ஜட்லாந்துக்காரன்; அந்தப் பக்கத்தில் எதையும் குறைத்தே சொல்வார்கள். நல்ல சாப்பாட்டுக்கு ‘மோசமில்லை’ என்பான். வீடு பற்றி எரிந்தாலும் ‘கொஞ்சம் வெக்கைதான்’ என்றிருப்பான். குலேந்திரனுக்கோ ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னால்தான் ஒன்றாவது காதில் ஏறும். ஆகவே சொற்கள் ஒரு பக்கம் போகும்போது அவள் காற்றை இறக்கினாள். மறுபக்கம் வரும்போது காற்று அடித்தாள். ‘இந்த மடையனுக்கு விளங்குதோ கேளும்’ என்பது ‘நான் தெளிவாகச் சொன்னேனா என்று கேட்கிறார்’ என்று போயிற்று. ‘பார்க்கலாம்’ என்பது ‘கட்டாயம் செய்து தருவாராம்’ என்று வந்தது. கலியாணமாகி ஆறு வருசத்தில் அவன் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. இன்னொருவனிடம் சொல்லவேண்டியிருந்ததால்தான் கேட்டாள் என்பது குலேந்திரனுக்குத் தெரியாது. மனைவி திருந்திவிட்டாள் என்று நினைத்தான்.

அவள் யாருக்கும் சொல்லாத ஒன்றும் நடந்தது. அந்த எஞ்சின் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

குன்னர் பழைய கேம்சாஃப்டைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தான். நீண்ட இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவில் சிறுசிறு மேடுகள். தண்டு சுழல, மேடுகள் ஏறி இறங்கி ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடும். மேடு உயரமென்றால் வால்வு நன்றாகத் திறக்கும். எஞ்சின் ஆழமாக மூச்சு எடுக்கும். “பலம் என்பது மூச்சுத்தான்,” என்றான் குன்னர். புதிய கேம்சாஃப்ட், காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் நான்கு வாய்ப் பெரிய காபுரேற்றர், அகலமான புகைக்குழாய்: உள்ளே போகும் மூச்சும் வெளியே வரும் மூச்சும் சுலபமானால் இருநூற்றறுபது குதிரை வரும். முந்நூறு வராது.

தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும்போதெல்லாம் அவள் அந்த மேடுகளை நினைத்தாள். எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று ஒரு சிறு மேடு தீர்மானிக்கிறது. தன் வாய்க்கு அப்படித் தீர்மானிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை பெருகவே, பெட்டிக்குப் பசை பூசுவதில் கவனம் வைத்தாள்.

குலேந்திரன் எந்தச் சாமான் என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. “இது எத்தினை குதிரை?” என்றுதான் கேட்டான். காபுரேற்றரைக் காட்டி, “இது?” புகைக்குழாயைக் காட்டி, “இது?” சந்தையில் மாம்பழம் விசாரிப்பது மாதிரி.

மே மாதத்தில் வேலை முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை குன்னர் இருவரையும் அழைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துப் பேசாத அளவு பேசினான்.

“முதல்தரம் ஸ்டார்ட் செய்கிறபோது கவனம். ஸ்டார்ட்டானதும் நிறுத்தக்கூடாது. மெல்ல ஓடவிடவும் கூடாது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில், இருபது நிமிடம், தொடர்ந்து. கேம்சாஃப்டின் மேடுகள் புது இரும்பு. வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய் தெறித்து அவற்றில் படும். மெல்லச் சுற்றினால் இரும்பும் இரும்பும் வறட்சியாக உரசித் தேய்ந்துவிடும். அந்த இருபது நிமிடம்தான் இந்த எஞ்சினின் ஆயுள். நானே செய்து தருகிறேன்.”

அவள் ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். பிறகு இன்னொரு தரமும் சொன்னாள்.

“ஓமோம்,” என்றான் குலேந்திரன். “ஆனா முதல்தரம் நான்தான் ஸ்டார்ட் பண்ணவேணும். அத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் பாத்திட்டார். பூசை போட்டு நல்ல நேரத்திலை எடுப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை குன்னருக்குச் சகோதரி மகளின் திருச்சபை உறுதிச் சடங்கு இருந்தது. பட்டறைப் பூட்டின் திறப்பை அவன் சரோஜினிதேவியிடம்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “என் மனைவிக்குக் கொம்யூன் அலுவலகத்தில் வேலை. உனக்குத் தெரியுமே,” என்றான்.

தெரியும். கிழமைக்குக் கிழமை புதிதாகத் தமிழ் அகதிகள் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரை நிர்வகிக்கிற கொம்யூன் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியது. சரோஜினிதேவி விண்ணப்பித்திருந்தாள். வேலை முடிந்து பஸ் இல்லாத நேரங்களில் சைக்கிள் மிதித்து, இரண்டு வருசம் டேனிஷ் படித்தது இதற்காகத்தான் என்று விண்ணப்பத்தை எழுதும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நேர்முகம் யூன் முதல் வாரம்.

“உன்னுடைய டேனிஷ் எப்படி என்று என்னைக் கேட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு பிழையும் நான் காணவில்லை என்றேன்.” குன்னர் யோசித்தான். “மோசமில்லை என்றும் சொன்னேன்.”

ஜட்லாந்தில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. அவள் வீட்டுக்கு வரும்வரை அந்த ‘மோசமில்லை’யை வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டு வந்தாள். குலேந்திரன், “என்னவாம் கடைசியா?” என்று கேட்டதற்கு, “திறப்பைத் துலைக்க வேண்டாமாம்,” என்றாள்.

ஞாயிறு மதியம் இரத்தினசிங்கமும் யோகம்மாவும் தேங்காய், கற்பூரம், நான்கு எலுமிச்சம்பழம், யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த பஞ்சாங்கம் சகிதம் வந்து சேர்ந்தார்கள். இரத்தினசிங்கம் மேட்டில் முந்தினவர். முந்தினவருக்கே உரிய பெருந்தன்மையுடன் முந்தப்பட்டவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்.

“நாலு பன்ரண்டிலை இருந்து நாலரை வரைக்கும் முதல்தரமான நேரம், குலம். நாலரைக்கு இராகு காலம் துவங்குது.”

“அத்தான், பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்திலையெல்லோ அச்சடிச்சது? இராகு எந்த ஊர் மணிக்கூட்டைப் பாப்பர்?”

“சூரியன் எங்கை நிக்குதோ அந்த ஊர்தான்.”

“இஞ்சை சூரியன் காலமை அஞ்சுக்கு எழும்பி இரவு ஒன்பதரைக்கெல்லோ படுக்குது? அப்பிடிப் பாத்தா இராகு காலமும் நீளுமே.”

“இவங்கள் பங்குனியிலை மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள், அண்ணை,” என்றாள் சரோஜினிதேவி, தேங்காயைக் கழுவிக்கொண்டு. “இராகுவும் தள்ளினவரோ தெரியேல்லை.”

“தங்கச்சி பகிடி விடுறா,” என்றார் இரத்தினசிங்கம், சிரிக்காமல்.

கணக்கு அதற்குமேல் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பாடமாக்கி வைத்திருந்த ஞாயிறு நாலரையே டென்மார்க்குக்கும் போதும் என்று முடிவாயிற்று.

நான்கு சக்கரத்து ரயரின் முன்னும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீண்ட மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பச்சை நிறத்துக்கு அது எடுப்பாகவே இருந்தது. கற்பூரம்தான் ஜட்லாந்துக் காற்றில் பற்றமாட்டேன் என்றது. இரத்தினசிங்கம் ஐந்து நெருப்புக்குச்சியைச் செலவழித்துப் பற்றவைத்தபோது மணி நாலு பத்தொன்பது. குலேந்திரன் வலக்காலை முதலில் வைத்து ஏறி, திறப்பைத் திருப்பினான்.

எஞ்சின் எழும்பியது. கொட்டில் அதிர்ந்தது. கூரையிலிருந்த புறாக்கள் ஒன்றும் மிச்சமில்லாமல் பறந்தன. சரோஜினிதேவியின் நெஞ்சுக்குள்ளும் ஏதோ எழும்பியது. இது மூச்சு, இது மூச்சுத்தான் என்று நினைத்தாள்.

“காலை எடுக்காதேங்கோ!” என்று கத்தினாள். “ரெண்டாயிரத்திலை பிடியுங்கோ, இருபது நிமிஷம்!”

யோகம்மா கண்ணை மூடித் தேவாரத்தைத் தொடங்கினாள். அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இரண்டாம் அடியில் கண்ணைத் திறந்து, தம்பியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“டேய் குலம், உதைக் கொஞ்சம் அடக்கடா! சாமிக்குக் கேக்க வேண்டாமே?”

குலேந்திரன் காலை எடுத்தான். எஞ்சின் முனகலுக்கு இறங்கியது. தேவாரம் தெளிவாகக் கேட்டது.

“மச்சாள், மெல்ல ஓடவிடக் கூடாதெண்டு குன்னர் சொன்னவர். உள்ளை எண்ணெய் போகாது.”

“பாட்டு முடியட்டும் பிள்ளை, ரெண்டு நிமிஷம்.”

யோகம்மா பாடுகிற தேவாரம் ஒருநாளும் இரண்டு நிமிஷத்தில் முடிந்ததில்லை. அது முடிய இரத்தினசிங்கம் கற்பூரத்தட்டை மூக்குக்கு மூன்று தரம் சுற்றினார். குலேந்திரன் காரை இரண்டடி முன்னே உருட்டினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். இரத்தினசிங்கம் மணிக்கூட்டில் தட்டினார்.

“நாலு இருபத்தெட்டு. நிப்பாட்டு.”

“அண்ணை, இருபது நிமிஷம் நிப்பாட்டாமல் ஓடவேணும். ஒன்பது நிமிஷம்தான் ஆச்சு.”

“இராகுவுக்கை ஓடினா வாகனம் ஆளை விழுத்தும், தங்கச்சி. குன்னருக்கு நாளும் தெரியாது, கோளும் தெரியாது.”

“இஞ்சாருங்கோ,” என்று அவள் கார் யன்னலைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு தரம் சொன்னனான். இருபது நிமிஷம். எஞ்சின்ரை ஆயுளே அதெண்டு சொன்னனான்.”

“எனக்கு விளங்கினது, சரோ. விளங்காதவனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லாதையும்,” என்று குலேந்திரன் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

அமைதியில் புறாக்கள் திரும்பி வந்தன. எல்லோரும் வடை சாப்பிட்டார்கள். ஆறு மணிக்கு இராகு போனபின் மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் நன்றாகவே ஓடியது. “பாத்தீரே?” என்றான் குலேந்திரன். உள்ளே, எண்ணெய் படாமல் ஒன்பது நிமிஷம் உரசிய பதினாறு மேடுகளை அவளால் பார்க்க முடிந்தது. எப்படிப் பார்க்க முடிகிறது என்றுதான் விளங்கவில்லை. நாட்டில் எத்தனையோ மனைவிமார் கணவனின் மனதைப் பார்க்கிறோம் என்கிறார்கள்; எனக்கு எஞ்சின் வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் அவன் கிரின்ஸ்டெட்டின் அரசன். பதினோராம் நாள் மூக்குக்குள் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. “பெற்றோல் சரியில்லை,” என்றான். பதின்மூன்றாம் நாள் கார் இருமியது. “இந்த நாட்டுக் காத்து,” என்றான். பதினைந்தாம் நாள், சமதரையில், சாணித் தொட்டி இழுத்துப் போன ஒரு உழவு இயந்திரம் அவர்களை முந்திப் போயிற்று. ஓட்டிய கிழவன் நல்ல மனிதன். தொப்பியை உயர்த்தி வணக்கம் சொன்னான். குலேந்திரன் அவசரமாக யன்னலை மூடினான். மணம் மட்டும் காருக்குள் நெடுநேரம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, நேர்முகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, குன்னர் கேம்சாஃப்டைக் கழற்றி மேசையில் வைத்தான். மேடுகள் இருக்கவேண்டிய இடத்தில் சூப்பித் துப்பிய டொபி மிட்டாய்போல வழவழத்த வட்டங்கள் இருந்தன. ஒன்று இரண்டல்ல, ஏழு.

குன்னர் அதை விரலால் தடவினான். தன் வேலையைத் தானே பிரேத பரிசோதனை செய்கிறவனின் முகம் அவனுக்கு.

“இருபது நிமிடம் ஓடவிட்டீர்களா?”

அவள் தமிழில் கேட்டாள்.

“ஓடவிட்டனாங்கள்,” என்றான் குலேந்திரன். “இருபதுக்கு மேலை.”

அவள் அதை டேனிஷில் சொன்னாள். ‘என் கணவர் சொல்கிறார்’ என்று தொடங்கிச் சொன்னாள். பொய் அவனுடையது, அவள் வெறும் வண்டி. ஆனாலும் நாக்கில் அதன் பாரம் தெரிந்தது.

குன்னர் தலையை அசைத்தான். “இல்லை. இது மெல்ல ஓடியிருக்கிறது. நின்று, திரும்ப ஸ்டார்ட்டாகியிருக்கிறது. இரும்பு பொய் சொல்லாது.” பிளாஸ்க் போத்தலைத் திறந்து மூன்று கோப்பையில் கோப்பி ஊற்றினான். கோபம் இருந்தாலும் கோப்பி கோப்பிதான் அவனுக்கு. “பார், நான் சொன்னது விளங்காமல் போயிருந்தால் அது என்னுடைய பிழையும்தான். எழுதித் தந்திருக்கவேண்டும். அப்படியென்றால் நான் புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம். விளங்கியும் செய்யாமல் விட்டிருந்தால், ஒரே எஞ்சினை இரண்டு தரம் கட்டுகிறவன் நானில்லை. எது நடந்தது?”

கடைசிக் கேள்வியை அவன் குலேந்திரனைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். கூலி வேண்டாம் என்பதையும் விடவில்லை. குலேந்திரனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு மாதத்தில் முதல்தரம் அவன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

“அப்ப சொல்லுமன்.”

“என்னெண்டு?”

“உமக்கு விளங்கேல்லை எண்டு. நான் இப்ப சொன்னதை விடும். இருபதெண்டதை ரெண்டு நிமிஷமெண்டு விளங்கி அவருக்குச் சொல்லிப்போட்டன், அவரிலை பிழையில்லை எண்டு சொல்லும்.”

“நான் இருபதெண்டுதான் சொன்னனான்.”

“அது எனக்கும் உமக்கும் தெரியும். அவனுக்கு என்ன? பொம்பிளை பிழை விட்டா அவங்கள் ஒண்டும் சொல்லாங்கள், சிரிச்சுப்போட்டு விடுவாங்கள்.”

“இவரின்ரை மனிசிதான் புதன்கிழமை என்னை நேர்முகத்திலை கேள்வி கேக்கப்போறா.”

“அவவுக்கு ஆர் சொல்லப்போறான்? சொன்னாலும் இந்த வேலை இல்லாட்டி வேறை வேலை. நீர் என்ன, பெட்டி ஒட்டித் தேஞ்சா போனீர்?” அவன் குரலைத் தாழ்த்தினான். கெஞ்சலும் அதிகாரமும் ஒரே பாத்திரத்தில் கலந்த குரல். “யோசிச்சுப் பாரும் சரோ. ஆடியிலை அத்தான் வீட்டுக்குப் போகவேணும். இந்தக் கோலத்திலை அந்த மேட்டிலை என்னெண்டு ஏறுறது? உமக்கு இது ஒரு சொல்லு. எனக்கு மானம்.”

அவள் மேசையிலிருந்த தண்டைப் பார்த்தாள். மானம். அவனுக்கு மானம் இரும்பில் செய்து, தபாலில் வருவித்து, கூலியில்லாமல் பூட்டலாம். தேய்ந்தால் இன்னொன்று. அவளிடம் இருப்பது அந்த ஒன்றுதான்: ஒரு குளிர்காலம் முழுக்க, காற்றைக் கூட்டிக் குறைத்தாலும், இந்தப் பக்கத்துச் சொல்லின் பொருளை அந்தப் பக்கத்துக்குச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொழிற்சாலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் ‘இஞ்சை’, காரியம் ஆகவேண்டுமென்றால் ‘சரோ’. இந்தப் பன்றிக் கொட்டிலில்தான் ஒருவன் அவளுடைய பேச்சில் பிழை காணவில்லை என்றான். அதை அவளே தன் வாயால் பிழை என்று சொல்லவேண்டுமாம். அதையும் பிழையில்லாத டேனிஷில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் குன்னருக்கு விளங்காது.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பயமும் வந்தது, அது அடங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழி நீளம், அந்தக் கார் ஓடாது, இருவரும் சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் போகவேண்டும். இன்றைக்கு மட்டுமல்ல. இனி வரும் சனிக்கிழமைகள், ஆடி, ரண்டர்ஸ், யோகம்மாவின் கேள்விகள். எல்லாம் வரிசையில் நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வரத்தான் போகிறது என்று கண்டாள்.

குன்னர் கோப்பியை ஊதிக்கொண்டு காத்திருந்தான். ஜட்லாந்துக்காரர்களுக்குக் காத்திருப்பது ஒரு வேலையே இல்லை.

“என்ன, சொல்லுமன்,” என்றான் குலேந்திரன். “டேனிஷிலை அதுக்கு வார்த்தை இல்லையோ?”

“வார்த்தை இருக்கு,” என்றாள் சரோஜினிதேவி மெதுவாக. “நான் சொல்லமாட்டன்.”